நாயா சிங்கமா, யூத சட்டத்துல எது பெரிய தலைவலி?

நாய் வளர்க்கணும்னா சங்கிலில கட்டணும்னு யூதர்களோட பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவே சொல்லிடுச்சு, எல்லையோர ஊர்ல மட்டும் ராத்திரி அவுத்து விடலாம்னு மிஷ்னாவுக்கு விளக்கம் சொல்ற தால்முட்ல சலுகை இருக்கு. பிற்காலத்துல சாதுவான நாய்க்கு ரூல்ஸ் தளர்ந்துச்சு, ஆனா கடிநாய்னா சங்கிலிதான். ரப்பி (யூத மத அறிஞர்) நாத்தான் கடிநாயையும் ஆட்டம் காணுற ஏணியையும் ஒரே தட்டுல வெச்சாரு, ரெண்டுமே வீட்டுல கூடாதாம், பைபிள்ல உபாகமம் 22:8ல மாடிக்கு கைப்பிடிச்சுவர் கட்டச் சொல்ற அதே வசனத்தை வெச்சு.

சிங்கம், ஓநாய், கரடி, சிறுத்தை, பாம்பு கதை வேற. சாதா மாடு முட்டினா முதல் மூணு தடவை பாதி நஷ்டஈடு, அப்புறம்தான் முழுசு. இதுங்களுக்கு அந்த சான்ஸே இல்ல, முதல் தடவையே முழுப் பணம். பழக்கின மிருகம்னா பரவால்லனு ரப்பி எலியேசர் வாதாடினாரு, அவரே பாம்புக்கு மட்டும் நோ சொல்லிட்டாரு (நியாயம்தானே). என்னைக் கேட்டா நாயே போதும், சங்கிலி செலவோட போச்சு.