ஜீப்பில் ஏற்றிய அணுகுண்டு, முதுகில் சுமந்த அணுகுண்டு: ஒரு கருவி மதிப்பீடு

அணுகுண்டை எவ்வளவு சின்னதாகச் செய்ய முடியும் என்ற கேள்விக்கு 1960-களிலேயே விடை கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் டபிள்யூ54 வெடிமுனையின் (ஆயுதத்தில் அணுவெடிப்பை நிகழ்த்தும் பகுதி) எடை சுமார் 23 கிலோதான். ஓர் ஆள் தூக்கிவிடலாம். இந்த வகை வெடிமுனையைக் கொண்டு அமெரிக்கத் தரைப்படைக்கு இரண்டு கருவிகள் வந்தன. ஒன்று, குழாயிலிருந்து எறியும் டேவி கிராக்கெட். மற்றொன்று, முதுகில் கட்டிக்கொண்டு போகும் சாடம். செய்ய முடியும் என்பதில் இரண்டுமே தேறின. இயக்குகிற சிப்பாயின் இடத்தில் நின்று பார்த்தால் இரண்டையும் கையில் கொடுத்திருக்கவே கூடாது.

டேவி கிராக்கெட் 1961 முதல் 1971 வரை பணியில் இருந்தது. எறிகுண்டின் எடை 34.5 கிலோ, நீளம் 79 செ.மீ., குறுக்களவு 28 செ.மீ. பார்க்க வால் முளைத்த தர்பூசணி மாதிரி இருக்கும். இதை எறியும் குழாயின் வாயோ சின்னக் கருவியில் 120 மி.மீ., பெரியதில் 155 மி.மீ. ஆக, குண்டு குழாய்க்குள் நுழையவே நுழையாது. ஒரு நீளத் தண்டைக் குழாய்க்குள் செருகி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அதன் முனையில் குண்டை மாட்டுவார்கள். சுட்டதும் தண்டு குண்டைத் தள்ளிவிடும், காற்றில் வால் துடுப்புகள் விரியும். சின்னக் கருவி 2 கி.மீ. வரை எறியும், பெரியது 4 கி.மீ. வரை. முக்காலியில் நிறுத்தலாம், ஜீப்பிலும் ஏற்றலாம். இயக்க மூன்று பேர் போதும்.

இவ்வளவுதான் இதன் நல்ல பக்கம்.

குண்டுக்கு வழிகாட்டும் அமைப்பு எதுவும் கிடையாது. அதனால் முதலில் ஒரு சிறு அளவைக் குண்டைச் சுட்டு, அது எங்கே விழுகிறது என்று பார்த்து, கோணத்தைத் திருத்திய பிறகுதான் உண்மையான குண்டை எறிய வேண்டும். அந்த முதல் சூட்டிலேயே எதிரிக்கு இடம் தெரிந்துபோகும். பின்னடி இல்லாத பீரங்கி என்பதால் பின்பக்கம் பீறிடும் நெருப்பும் புகையும் வேறு. இத்தனைக்குப் பிறகும் குறி துல்லியமாக விழாது. குறி தப்பினாலும் கதிர்வீச்சு ஈடுகட்டிவிடும் என்ற நம்பிக்கையில்தான் மொத்தக் கருவியும் நின்றது.

அந்த நம்பிக்கையைத்தான் உரசிப் பார்க்க வேண்டும். இதன் வெடிதிறன் 10 முதல் 20 டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம். அமெரிக்காவின் மிகப் பெரிய வழக்கமான குண்டுகளில் ஒன்றான மோப் (MOAB) சுமார் 9.8 டன் எடையோடு ஏறத்தாழ 11 டன் திறனைத் தருகிறது. அதைக் கையால் தூக்கும் வெடிமுனை எட்டிவிடுவது பெரிய விஷயம்தான். ஆனால் அணுகுண்டைச் சிறிதாக்கச் சிறிதாக்க, வெடி அலையின் எல்லை சட்டென்று சுருங்குகிறது; வெடித்த கணத்தில் பாயும் நியூட்ரான், காமா கதிர்களின் எல்லை அவ்வளவு வேகமாகச் சுருங்குவதில்லை. பெரிய குண்டில் வெப்பமும் அலையும் கதிரை முந்திக்கொண்டு கொல்லும். இதில் கதிர்தான் முன்னால் நிற்கிறது. உடல் வாங்கும் கதிர்வீச்சை ரெம் என்ற அலகில் அளப்பார்கள்; 150 மீட்டருக்குள் 10,000 ரெம்முக்கும் மேல், 400 மீட்டரில் ஏறத்தாழ 600 ரெம் என்று மதிப்பிடுகிறார்கள்.

600 ரெம் வாங்கிய ஒருவருக்கு என்ன ஆகும்? உடனே விழமாட்டார். சில மணி நேரத்துக்குள் வாந்தி வரும். பிறகு தேறிவிட்டது போலத் தோன்றும். எலும்பு மஜ்ஜை செத்துப்போய், இரத்த அணுக்கள் குறைந்து, தொற்றும் இரத்தக் கசிவுமாகப் பெரும்பாலும் சில வாரங்களில் சாவார். முன்னேறி வரும் டாங்கிப் படையை நிறுத்துவதற்கென்று செய்த ஆயுதம் இது. 400 மீட்டர் தள்ளி இருக்கும் டாங்கி ஓட்டுநர் அந்த நிமிடத்தில் வண்டியை நிறுத்தப்போவதில்லை. சாகப்போகிறவர் இன்னும் பல மணி நேரம் சுட முடியும். கொடுமையின் அளவில் ஒரு குறையும் இல்லை, வேலையோ நடக்கவில்லை.

சுடுகிறவர்களுக்கும் பாதுகாப்பு இல்லை. ஜீப்புக்கு மூடிய அறை கிடையாது. மேட்டின் மறுசரிவிலோ பதுங்குகுழியிலோ ஒதுங்க வேண்டும், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்க வேண்டும். தரைக்கு மிக அருகே வெடித்தால் மண்ணை அள்ளி மேலே இழுத்து, கதிர்த்துகளாகக் கீழே கொட்டும். காற்று திரும்பினால் அது சுட்டவர் தலையிலேயே விழும். எறிந்த பிறகு திருப்பிக் கூப்பிடவும் வழியில்லை.

1962 ஜூலை 17 அன்று நெவாடாவில் இதை நிஜமாகவே சுட்டுப் பார்த்தார்கள். லிட்டில் ஃபெல்லர்-1 என்ற அந்தச் சோதனையில் குண்டு சுமார் 2.7 கி.மீ. தொலைவில் 18 டன் திறனோடு வெடித்தது. அப்போதைய அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி நேரில் பார்த்தார். நெவாடா தளத்தில் திறந்தவெளியில் நடந்த கடைசி அணுச் சோதனை அதுவே.

சாடம் 1964 முதல் 1989 வரை இருந்தது. பாலம், அணை, கணவாய் போன்றவற்றைத் தகர்ப்பதற்கானது. திறன் 10 டன் முதல் 1 கிலோடன் (1,000 டன்) வரை. உறையோடு சேர்த்தால் சுமார் 68 கிலோ. முதுகில் சுமப்பது என்று சொல்கிறோமே தவிர, ஒரு முழு மனிதனின் எடை அது. அதைக் கட்டிக்கொண்டு பாராசூட்டில் குதிக்கப் பழகினார்கள். மூடிக்கு எண் பூட்டு, இருட்டில் எண் தெரிய ஒளிரும் பூச்சு. ஒருவர் தனியாகத் திறந்துவிடாதபடி இருவர் விதி.

கோளாறு நேரங்காட்டியில் இருந்தது. சாவி கொடுக்கும் கடிகாரம் போன்ற இயந்திர அமைப்பு. நேரத்தை நீட்டி வைத்தால் பிழையும் நீளும். குறித்த நேரத்துக்குச் சில நிமிடம் முன்பே வெடிக்கலாம், பின்னாலும் வெடிக்கலாம். எதிரி நிலத்தில் கால்நடையாக விலகி ஓடுகிற இரண்டு பேருக்கு அந்தச் சில நிமிடம் உயிர். குண்டு எதிரி கையில் சிக்காதபடி பார்த்துக்கொள்ளவும் வேண்டும், தூரமாகப் போய்விடவும் வேண்டும். இரண்டும் ஒன்றாக நடக்காது.

கைப்பெட்டிக்குள் அடங்கும் சோவியத் தரப்பு அணுகுண்டு, அதாவது 'பெட்டி குண்டு' பற்றிய பேச்சு 1997-ல் கிளம்பியது. நூற்றுக்கும் மேற்பட்டவை கணக்கில் இல்லை என்று ரஷ்ய ஜெனரல் அலெக்சாந்தர் லெபெட் அமெரிக்கத் தொலைக்காட்சியில் சொன்னார். ரஷ்ய அரசு மறுத்தது. அப்படி ஒன்று எங்காவது கிடந்தாலும், கவனிப்பாரற்று முப்பது வருடம் தாங்கும் பொருளல்ல அது. டிரிடியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) பயன்படுத்தும் குண்டு என்றால் அந்த வாயு 12.3 ஆண்டில் பாதியாகிவிடும். மின்கலமும் வெடிமருந்தும் மூப்படையும். புளூட்டோனியத்தின் அரை ஆயுளோ 24,100 ஆண்டு. ஆகவே கவலைப்பட வேண்டியது, வடிவமைத்தபடி வெடிக்குமா என்பதைவிட அந்த உலோகம் யார் கையில் இருக்கிறது என்பதைத்தான். அணுவெடிப்பு நடக்காமல் வெடிமருந்து மட்டும் வெடித்தால் என்ன ஆகும் என்பதை ஸ்பெயினின் பலோமாரஸ் 1966-லேயே காட்டியது. விமான விபத்தில் விழுந்த இரண்டு குண்டுகளிலிருந்து புளூட்டோனியம் வயல்களில் சிதற, சுமார் 1,400 டன் மண்ணையும் செடிகொடியையும் வாரிக் கப்பலேற்ற நேர்ந்தது.

டேவி கிராக்கெட்டின் எச்சம் ஹவாயில் கிடக்கிறது. 120 மி.மீ. கருவிக்கான அந்தச் சிறு அளவைக் குண்டு, எடைக்காகச் செறிவு குறைந்த யுரேனியம் கலந்து செய்யப்பட்டது. பயிற்சித் திடலில் சுட்டவற்றை யாரும் பொறுக்கவில்லை. 2005-ல் ஸ்கோஃபீல்ட் படைத்தளத்தில் அதன் துண்டுகள் கிடைத்தபோது, கருவி பணியிலிருந்து விலகி 34 ஆண்டுகள் ஆகியிருந்தன.