டியூன் செய்த காருக்கு ஹை-ஃப்ளோ கேட்டா, டீகேட் பைப்பா?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் டர்போ பெட்ரோல் காரை ரீமேப் செய்தவர்கள் (இன்ஜின் கம்ப்யூட்டரின் நிரலான மேப்பை மாற்றியவர்கள்), புகைச் சோதனை நெருங்கினால் இதைத்தான் கேட்கிறார்கள். கேட் என்றால் புகையின் நச்சு வாயுக்களை மாற்றும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்; ஹை-ஃப்ளோ கேட், புகையை எளிதாகப் போகவிடும் வகை. டீகேட் பைப், கேட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் போடும் வெறும் குழாய்.

புகை: பிஎஸ்-4, பிஎஸ்-6 பெட்ரோல் காருக்கு ஐடிலில் (கார் நின்றபடி இன்ஜின் ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் தாண்டக் கூடாது.
ஹை-ஃப்ளோ கேட் நன்றாகச் சூடாகியிருந்தால் தேறும்.
டீகேட் பைப்பில் அந்த வாயுக்களை மாற்ற எதுவுமே இல்லை. மேப்பை எவ்வளவு நயமாக எழுதினாலும் கஷ்டம்தான்.

விலை: டீகேட் மலிவு. கேட்டில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் கையைக் கடிக்கும்.

உழைப்பு: பைப்புக்குத் துருதான் எதிரி. மிஸ்ஃபயரோடு (இன்ஜினில் பெட்ரோல் சரியாக எரியாமல்) ஓட்டினால் கேட்டின் உள்ளே தேன்கூடு உருகிவிடும்.

கேட் போட்டும் தேறவில்லையா? முதலில் புகைக்குழாய் மூட்டிலுள்ள கேஸ்கெட்டைப் பாருங்கள். ஃபிளாஞ்சை (மூட்டின் விளிம்பை) சுற்றிக் கரிக்கோடு படிந்திருந்தால் அங்கே கசிவு. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் காற்று புகுந்தால், பெட்ரோல் போதவில்லை என்று இசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) கூடுதலாக ஊற்றும். அதைச் சரிசெய்து, அய்யம்பேட்டை வரை ஓட்டிவிட்டு, சூடு ஆறுமுன் சோதனைக்குப் போங்கள்.

சாலையில் ஓடும் காருக்கு கேட்தான், சந்தேகமே வேண்டாம். டீகேட், இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு டிரெய்லரில் ஏற்றிப் போகும் காருக்கு மட்டும் சரி.