பண்டா ஆச்சேக்குப் போகிறவர்களுக்கு: நான் கைகாட்டும் ஒரு வழிகாட்டி

இந்தோனேசியாவின் சுமத்ரா தீவின் வடமுனையில் இருக்கிற பண்டா ஆச்சேயில் வழிகாட்டி வேண்டுமென்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது சுனாமிச் சுற்றுதான். ஊருக்குள் அடித்துக்கொண்டு வரப்பட்ட மின்நிலையக் கப்பல், வீட்டுக்கூரை மேல் ஏறி நிற்கும் படகு, சுனாமி அருங்காட்சியகம், மூன்று மணி நேரத்தில் விடுதிக்குத் திரும்பிவிடலாம். 2004 டிசம்பர் 26 அன்று ஆச்சேயில் மட்டும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். அதைப் பார்க்க வேண்டாம் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் நூற்றாண்டுக் கணக்கில் கடலில் வணிகம் செய்து, சுல்தான்களையும் சுல்தானாக்களையும் அரியணையில் ஏற்றி, டச்சுக்காரனோடு முப்பது வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டிய ஒரு சமூகத்தை ஒரே ஒரு காலைப் பொழுதுக்குள் அடைத்துவிடுவதற்கு என் மனசு ஒப்பவில்லை.

அதனால்தான் எங்களுக்குக் கிடைத்த இந்தப் பெண்ணைப் பற்றி எழுதுகிறேன். நானும் மகளும் தங்கியிருந்த விடுதியின் உரிமையாளரம்மா ஏற்பாடு செய்து கொடுத்தார். இருபது வயசைத் தாண்டிய பெண். நிறுவனம், அலுவலகம் எதுவும் கிடையாது, தனியாகச் செய்கிறார். பெயரை இணையத்தில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. நகரத்து விடுதிகளில், ஆச்சே வீட்டையும் பழைய கல்லறைகளையும் காட்டுகிற பெண் என்று விசாரித்தால் சேர்த்துவிடுவார்கள். முழு நாளுக்கு ஐந்து லட்சம் ரூபியா வாங்கினார், நம் பணத்தில் மூவாயிரத்துக்குள் வரும். காரும் சாப்பாடும் தனி. ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறார். என்னை 'இபு' என்றும் என் மகளைக் 'கக்' என்றும்தான் கடைசிவரை கூப்பிட்டார். அவர்கள் ஊரில் அம்மா வயதுக்காரிக்கும் அக்காவுக்கும் அதுதான் மரியாதை.

காலையில் முதல் வேலையாக ஆச்சே அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே இருக்கிற மரவீட்டுக்கே ஒரு கதை உண்டு. டச்சு அரசு 1914-இல் ஜாவாவின் செமாராங்கில் நடத்திய காலனியக் கண்காட்சிக்காகக் கட்டியது இது. ஆச்சேப் பொருள்களை வைத்துக் காட்டிவிட்டு, பிரித்துக் கப்பலேற்றித் திருப்பிக் கொண்டுவந்து, 1915 ஜூலை 31 அன்று அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். மற்ற வழிகாட்டிகள் இதைச் சொல்லிவிட்டு மேலே ஏற்றி, கத்தியையும் நகையையும் காட்டி இறக்கிவிடுவார்களாம். இவர் எங்களை வீட்டுக்கு அடியிலேயே வெகுநேரம் நிற்க வைத்துவிட்டார்.

ஆச்சே வீடு உயரமான மரத்தூண்கள் மேல் நிற்கும். அடியில் ஆள் நிமிர்ந்து நடக்கலாம். நெல் குத்தும் காலுலக்கை அங்கேதான், நெசவுத் தறி அங்கேதான், வெயில் நேரத்தில் பிள்ளைகள் விளையாடுவதும் அங்கேதான். தூணையும் குறுக்குச் சட்டத்தையும் ஆணி அடிக்காமல் மர ஆப்பு இறுக்கிப் பூட்டியிருக்கிறார்கள். நிலம் நடுங்கினால் பூட்டுகள் கொஞ்சம் அசைந்து கொடுக்கும், வீடு விழாது. அவர் விரலை வைத்துக் காட்டிய இன்னொரு விஷயம், கூரையைக் கட்டியிருக்கும் கயிறு. கூரை ஓலையெல்லாம் சவ்வரிசிப் பனையின் ஓலை, தீப்பிடித்தால் நிமிஷத்தில் பரவும். அப்போது அந்தக் கயிற்றை வெட்டிவிட்டால் கூரை மொத்தமாகச் சரிந்து கீழே வந்துவிடும், மரவீடு தப்பிக்கும். வீட்டில் இருப்பவர்களுக்கு எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று தெரிந்திருக்குமாம். அந்தக் கயிறு இல்லாமல் இந்த வீட்டை யாராவது வரைந்திருந்தால் அவர் ஆச்சேக்காரர் இல்லை என்று சொன்னார்.

மேலே ஏறினால் வீடு மூன்று பகுதி. முன்கூடம் ஆண்களுக்கும் விருந்தாளிகளுக்கும். பின்கூடம் பெண்களுக்கு, அடுப்பும் அந்தப் பக்கம். நடுவில் ஒரு படி உயரமாக இருக்கிற அறைதான் வீட்டின் உயிர். வீட்டு மகளுக்குக் கல்யாணம் ஆனால் அந்த அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் வேறிடம் மாறிக்கொள்வார்கள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வர வேண்டும். வீடு மகள்களுக்குப் போகும். மனஸ்தாபம் வந்து பிரிந்தால் துணிமணியை எடுத்துக்கொண்டு வெளியேறுவது அவர்தான், அவள் இல்லை.

இதைக் கேட்டதும் என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் காயல்பட்டினத்துக்காரர்கள். நான் குடியிருப்பது உம்மா எனக்குக் கொடுத்த வீடு, உம்மாவுக்கு அவருடைய உம்மா கொடுத்தது. கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர் வந்து இருப்பதும் அங்கேதான். எங்களுக்குள் இதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே வந்ததில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் வேறொரு முஸ்லிம் சமூகத்தில் இதே ஏற்பாட்டை, அதுவும் இவ்வளவு நுணுக்கமாக, ஒரு சின்னப் பெண் எடுத்துச் சொல்லிக் கேட்பேன் என்று நினைக்கவில்லை.

ஏன் இப்படி என்று கேட்டேன். மிளகு என்றார். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் ஆச்சே ஆண்கள் மேற்குக் கரையில் காட்டை வெட்டி மிளகுத் தோட்டம் போடப் போய்விடுவார்கள், திரும்பிவர மாசக்கணக்காகும். 1820-களில் உலகத்து மிளகில் பாதிக்கு மேல் அந்தக் கரையிலிருந்துதான் போனது, அமெரிக்காவின் சேலம் துறைமுகத்துக் கப்பல்கள்கூட அதற்காக வந்தன. ஊரில் நெல்வயலையும் வீட்டையும் பார்த்துக்கொண்டது பெண்கள். மிளகுக்கு முன்பிருந்தே இந்த வழக்கம் இருந்திருக்கலாம், ஆனால் அதைக் கெட்டிப்படுத்தியது மிளகுதான் என்பது அவருடைய கட்சி. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. பயணம் போகிற ஆண்கள் நிறைந்த ஊரில் வீடு பெண் கையில் இருந்தால்தான் வீடு வீடாக இருக்கும்.

அருங்காட்சியக முற்றத்தில் சக்ரா தொன்யா என்னும் பெரிய மணி தொங்குகிறது. சீனத்து அட்மிரல் செங் ஹே, சுமத்ராவின் வடகரையிலிருந்த பாசாய் அரசுக்குக் கொடுத்த பரிசு என்பது வழிவழியாக வருகிற செய்தி. 1524-இல் ஆச்சே பாசாயைப் பிடித்தபோது மணியும் இங்கே வந்துவிட்டது. பிறகு ஆச்சே சுல்தான் இஸ்கந்தர் முடாவின் போர்க்கப்பலில் தொங்கியதாம். இதை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டார். நான் இன்னும் கேட்டிருப்பேன். நகரத்தின் நெஉசு பகுதியில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டைப் பற்றியும் அவருக்குத் தெரிந்திருந்தது. தமிழ் வணிகக் குழுக்களோடு சம்பந்தப்பட்ட கல், எழுத்தெல்லாம் மழுங்கிப்போனது. நாங்கள் தமிழர்கள் என்று தெரிந்ததும் தானாகவே அந்தப் பேச்சை எடுத்தார்.

ஆச்சேக்காரர்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள் என்ற கேள்விக்கு அவர் ஒற்றை விடை சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்தது. மொழியைக் கேட்டால் கிழக்கே வியட்நாமிலும் கம்போடியாவிலும் இருக்கிற சம்பா மக்களின் மொழிதான் அதற்கு மிக நெருங்கிய சொந்தம். பக்கத்திலிருக்கும் மலாய்கூட அடுத்தபடிதான். முகத்தைப் பார்த்தால் இந்தியா, அரபு, நியாஸ் தீவு என்று எல்லாம் கலந்திருக்கும். மேற்குக் கரையில் லம்னோ என்ற ஊரில் நீலக் கண்ணுள்ளவர்களைப் போர்த்துகீசிய வம்சம் என்பார்கள். மலைநாட்டு காயோ மக்கள் வேறு இனம், வேறு மொழி. 2011-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய சமான் ஆட்டம் அவர்களுடையது, அதை ஆச்சே ஆட்டம் என்று பொதுவாகச் சொல்வது தப்பு என்று அழுத்தமாகத் திருத்தினார். சொந்த இனத்துக்குப் பெருமை சேர்க்கிற விஷயத்தைக்கூட உரியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கிற வழிகாட்டி சொன்னால் மற்றதையும் நம்பலாம்.

அடுத்து பெஉசுட், டச்சுப் படைவீரர்களின் இடுகாடு. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கல்லறைகள். 1873-இல் டச்சுப் போர் தொடங்கியதும் நகரத்துப் பெரிய பள்ளியான பைத்துர்ரஹ்மான் பள்ளிவாசல் எரிந்தது, அந்தப் பள்ளி வளாகத்தில்தான் டச்சுத் தளபதி கோலர் சுடப்பட்டு இறந்தார். வாயில் சுவரில் செத்த சிப்பாய்களின் பெயர்கள் வரிசை வரிசையாகச் செதுக்கியிருக்கின்றன, பல பெயர்கள் ஜாவாக்காரர்களுடையவை. அந்த இடுகாட்டுக்குள்ளேயே ஒரு ஆச்சே இளவரசனின் கல்லறையும் இருக்கிறது. மெஉரா புப்போக், இஸ்கந்தர் முடாவின் மகன். விபசாரக் குற்றத்துக்காகத் தகப்பனே மரண தண்டனை கொடுத்தார் என்பது ஊர் வழக்கு. பிள்ளை செத்தால் கல்லறை இருக்கும், மரபு தொலைந்தால் எங்கே போய்த் தேடுவது என்று சுல்தான் சொன்னதாகப் பழமொழியே இருக்கிறது. அந்த இடத்தில் வழிகாட்டி குரலை உயர்த்தவும் இல்லை, நியாயம் பேசவும் இல்லை. சுல்தான் செய்தது சரியா என்று என் மகள் கேட்டதற்கு, தன் வீட்டிலேயே இரண்டு கட்சி உண்டு என்றார்.

சாப்பாட்டில்தான் எனக்கு அவர்மேல் குறை. குவா பெலாங்கோங் என்ற ஆட்டுக்கறிக் குழம்பைச் சாப்பிட நகரத்தை ஒட்டிய ஆச்சே பெசார் மாவட்டத்துப் பக்கம் சாலையோரக் கடைக்குக் கூட்டிப்போனார். இது உச்சிப்பொழுதுக்கு முன்னே போக வேண்டிய சாப்பாடு. நாங்கள் போய்ச் சேரும்போது இரண்டரை மணி, சட்டியின் அடியில் எலும்பும் நெஞ்சுத்துண்டும்தான் மிச்சம். நேரத்தைக் கணக்குப் பண்ணாதது அவர் தப்பு. ஆனால் குழம்பு! வறுத்து அரைத்த தேங்காய், மல்லி, காய்ந்த மிளகாய், கறியோடு சேர்ந்து வெந்த பலாப்பிஞ்சு. பலாவுக்குப் பதில் வாழைத்தண்டு போடுவதும் உண்டாம். விறகுக் கரியின் வாசனை குழம்புக்குள் இறங்கியிருந்தது. மேலாகக் கொழுப்பு மிதந்தாலும் நாக்கில் ஒட்டவில்லை. நான் கல்யாண வீடுகளுக்குச் சமைத்துக் கொடுக்கிறவள், இந்தப் பக்குவத்துக்குத் தீயை எவ்வளவு நேரம் கட்டிவைத்திருக்க வேண்டும் என்று தெரியும்.

இதை ஆண்கள்தான் சமைப்பார்கள். மவ்லிது, ரமலான் 17 போன்ற நாள்களில் ஊரே காசு போட்டு ஆடு, மாடு அறுத்து, ஆளுயரக் கரண்டியோடு பெரிய இரும்புச் சட்டிகளைச் சுற்றி ஆண்கள் நின்று கிண்டுவார்கள். சமையலறை பெண்ணுடையது, ஊர்ச் சட்டி ஆணுடையது. எங்கள் ஊர் விருந்தான களறிச் சாப்பாடும் அப்படித்தான் வேகிறது. இலை நிறைய கறிவேப்பிலையும் தாழையிலையும் போட்டுப் பொரித்த நாட்டுக்கோழியும், உப்புப் போட்டு வெயிலில் காயவைத்த பிலிம்பிக்காய் சேர்த்த மீன்குழம்பும் இருந்தன. மீன்குழம்பு அருமை. கோழி எண்ணெய் குடித்திருந்தது.

சாயங்காலம் கிழக்கே லம்ரே குன்றுகளுக்குப் போனோம். என் கணக்கில் முழு நாளின் கூலியும் இதற்கே தகும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜேந்திர சோழனின் 1025 படையெடுப்புப் பட்டியலில் 'கலாமுதிர் கடுந்திறல் இலாமுரிதேசம்' என்று வருமே, அந்த லாமுரி இந்தப் பக்கம்தான். 1292-வாக்கில் மார்கோ போலோ இந்தக் கரையைப் பற்றி எழுதினார், அதே பயணத்தில் எங்கள் காயல் துறையையும் எழுதினார். இப்போது குன்றில் மேயும் ஆடுகளுக்கு நடுவே 15-ஆம் நூற்றாண்டுக் கல்லறைக் கற்கள் சாய்ந்து கிடக்கின்றன. மேலே போகப் போக ஒடுங்கும் தூண் மாதிரியான கற்கள், பக்கங்களில் கொடியும் அரபு எழுத்தும். வேலி போட்டுக் காக்க வேண்டியவை. மனசு கேட்கவில்லை.

பக்கத்துக் குன்றின் உச்சியில் கெஉமலஹாயாத்தியின் அடக்கத்தலம். ஆச்சேக் கப்பற்படையின் பெண் தளபதி. போரில் கணவனை இழந்த பெண்களைச் சேர்த்துப் படை கட்டியவர். 1599-இல் டச்சுக் கப்பல் தலைவன் கார்னெலிஸ் டி ஹௌட்மன் ஆச்சேக்காரர்களிடம் மோதிச் செத்தது இவர் கையால்தான் என்கிறார்கள். படிகள் அதிகம், முட்டிவலி உள்ளவர்கள் நிதானமாக ஏறுங்கள். நாங்கள் ஏறும்போது பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் கூட்டமாக இறங்கி வந்தார்கள், வழிகாட்டிக்குப் பாதிப்பேரைத் தெரிந்திருந்தது.

சுனாமியை அவர் ஒதுக்கிவைக்கவில்லை. திரும்பும் வழியில் ஒரு கூட்டு அடக்கத்தலத்தில் நிறுத்தினார், ஃபாத்திஹா ஓதினோம், புறப்பட்டோம். அங்கே விளக்கம் எதுவும் சொல்லவில்லை. 2005 ஆகஸ்டில் இந்தோனேசிய அரசுக்கும் ஆச்சே விடுதலை இயக்கத்துக்கும் நடுவே ஹெல்சிங்கியில் கையெழுத்தான சமாதானத்தைப் பற்றியும் அதற்கு முன் அவர்களுக்குள் நடந்த ஏறக்குறைய முப்பது வருஷ ஆயுதப் போரைப் பற்றியும் கார் ஓடும்போது கேட்டோம். தெரிந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். துருவிக் கேட்காதீர்கள், பல வீடுகளில் அது இன்னும் ஆறாதது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், ஜும்ஆ நேரத்தில் கடைகளெல்லாம் மூடிவிடும். பெண்கள், எந்த மதமானாலும், தலைத்துணி கையில் வைத்துக்கொள்ளுங்கள், பள்ளிவாசல் வளாகத்துக்குள் அது இல்லாமல் விடமாட்டார்கள். சாப்பாட்டைப் பன்னிரண்டு மணிக்கே வைக்கச் சொல்லி முதலிலேயே பேசிவிடுங்கள். லம்ரேயில் நிழல் கிடையாது, குடையும் தண்ணீரும் கட்டாயம். கடைசியில் உலே கரேங் பக்கம் காபிக்குக் கூட்டிப்போவார். நீளத் துணிப்பையில் வடித்து உயரத்திலிருந்து ஆற்றி ஊற்றும் காபி, டின்பால் கொஞ்சம் சேர்த்தது, அங்கே சாங்கெர் என்று கேட்டால் கிடைக்கும். சர்க்கரை குறைவாக வேண்டுமென்றால் ஊற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.