லூக்கா: குப்பையிலிருந்து வந்த மஞ்சள் கார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் காரை வாங்க முடியாது. நெதர்லாந்தில் ஐன்ட்ஹோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் 2020இல் செய்தது, ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஆனாலும் கண்காட்சியில் பார்த்தபோது, வாங்க வந்தவன் மாதிரி கதவைத் தட்டி, குனிந்து அடியைப் பார்த்து, அங்கே நின்ற மாணவரிடம் கேட்டுக்கொண்டு சீட்டையும் அமுக்கிப் பார்த்தேன்.

சீட்டில்தான் மனசு போனது. உள்ளே தேங்காய் நாரும் குதிரை முடியும். ஊரில் நார் மெத்தையில் படுத்து வளர்ந்தவர்களுக்கு அந்த விறைப்பு தெரியும், அமுக்கினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் உள்ளே போகும். மேல் துணி பழைய PET பிளாஸ்டிக்கில், அதாவது தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்கில் செய்தது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், தடவினால் மான்தோல் மாதிரி இருக்கிறது.

சேஸிஸில், அதாவது காரைத் தாங்கும் அடிச்சட்டத்தில், ஆளிச்செடி நாரும் பிளாஸ்டிக்கும், அதிலும் பெரும்பகுதி கடலில் அள்ளியது. வெளி பாடி, தூக்கிப்போட்ட பொம்மை, டிவி, சமையலறைச் சாமான்களின் ஏபிஎஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக். அந்தப் பளபள மஞ்சள்கூட பெயின்ட் இல்லை, ஒட்டிய ஃபிலிம். கடைசியில் காரை உடைத்து மறுபடி உருக்கும்போது உரித்து எடுத்துவிடலாம். குப்பையில் செய்தோம் என்று சொல்பவர்கள் நிறைய பேர், திரும்பக் குப்பைக்குப் போகும் நாளையும் யோசித்தவர்கள் இவர்கள்.

எடை பேட்டரி இல்லாமல் 360 கிலோ. பழைய மாருதி 800 காரே 650 கிலோ பக்கம். எடை குறைந்ததால் பேட்டரியும் வெறும் 60 கிலோவில் முடிந்துவிட்டது, மோட்டார்கள் பின் சக்கரங்களுக்குள்ளேயே இருக்கின்றன, ஒரு சார்ஜுக்கு 220 கிலோமீட்டர். ஊருக்குள் ஓட்ட இது தாராளம்.

குறை என்றால் வேகம். அதிகபட்சம் மணிக்கு 90 கிலோமீட்டர். இங்கே நெதர்லாந்தில் பகலில் பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் வரம்பே 100, லாரிகளுக்கு 80. அப்படியென்றால் ஒரு லாரியை முந்த, பெடலை முழுசாக மிதித்தாலும் அதன் பக்கத்திலேயே ஊர்வலம் போக வேண்டியதுதான். இரண்டே சீட், அதனால் குழந்தை இருக்கும் வீட்டுக்கு இரண்டாவது வண்டியாக மட்டும்தான் சரிப்படும்.

இதே குழுவின் 2022 வண்டி ஜெம், ஓடும்போது காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்குமாம். முப்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினால் 2 கிலோ. அதற்கு ஒரு மரம் நட்டுவிட்டுப் போகலாமே என்று எனக்குத் தோன்றியது. லூக்காவில் அந்த மாதிரி வித்தை எதுவும் இல்லை, அதனாலேயே பிடித்தது.

எங்காவது இடித்துவிட்டால் பார்ட்ஸ் கிடைக்குமா என்று அந்த மாணவரிடம் கேட்டேன். கிடைக்காது, நாங்களேதான் செய்ய வேண்டும் என்றார், அப்புறம் சிரித்துக்கொண்டே, "ஆனால் அடுத்த வருடம் நான் படிப்பு முடித்துப் போய்விடுவேன்" என்றார்.