ஐஸ்கிரீம் குச்சிக் கட்டு: ஐந்து மாதப் பாவனைக்குப் பிறகு

பொருள்: 50 மரக் குச்சிகள் உள்ள ஒரு பக்கெட். வாங்கிய இடம்: ஹட்டன் டவுனில் பாடசாலைச் சாமான் விற்கும் ஒரு கடை. விலை 280 ரூபா. பாவித்தவர்: என் அம்மா, வயது 61, முப்பத்தைந்து வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவர்.

பக்கெட்டின் மேல் "கைவேலைக்கு" என்றுதான் போட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஆண்டு நான்கு வகுப்புப் பிள்ளைகளோடு குச்சி வீடு கட்டுவதற்காக இதே பக்கெட்டை எத்தனையோ தடவை வாங்கியிருக்கிறேன். அம்மாவின் வாயைத் திறக்க வாங்குவேன் என்று நினைத்ததே இல்லை.

"என்னாடி, ஐஸ்கிரீம நீ தின்னுட்டு குச்சிய எனக்குக் கொண்டாந்திருக்கியா?" என்றார். பல்லிடுக்கு வழியாகத்தான் சொன்னார். அப்போது வாய் அவ்வளவுதான் திறந்தது.

அம்மாவுக்கு இடது கன்னத்தின் உட்பக்கம் புற்று. மலைக்குப் போகும்போது ஒரு வாய் வெற்றிலை, மடுவத்தில் கொழுந்து நிறுவை முடிந்ததும் ஒன்று, ராத்திரி படுக்கும்போது அதே கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஒன்று. புகையிலையை விட்டு நாலைந்து வருடம் ஆகியிருந்ததால் இனிப் பயமில்லை என்று இருந்தோம். ஆனால் பாக்கு மட்டுமே போதும். புகையிலை சேராத பாக்கையும் மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருளென்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே பட்டியலில் சேர்த்துவிட்டது. பாக்கிலுள்ள அரெகொலின் கன்னத்தோலுக்கு அடியில் நார்ப்பொருளைக் கூட்டுகிறது, பாக்கில் இருக்கும் செம்பு அந்த நாரை இன்னும் இறுக்குகிறது. அம்மாவுக்கு வியாதி தெரிவதற்கு முன்பே வாய் சுருங்கத் தொடங்கியிருந்தது. ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துச் சாப்பிட்டதைப் பார்த்து, வயசாகிறது என்று விட்டுவிட்டோம். இதில் என் பங்கும் உண்டு.

சத்திரசிகிச்சை போன ஆவணியில். அப்புறம் கதிர்சிகிச்சை 30 நாள், திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு கிழமை. அதற்கென்றே கண்டியில் ஒரு அறை எடுத்துத் தங்கினோம். கதிர் புற்றுக் கலங்களை மட்டும் தேடிப்போய் அடிப்பதில்லை. கடிக்கும் தசையும் அதே பாதையில்தான் இருக்கிறது. சிகிச்சை முடிந்த பிறகும் மாதக்கணக்கில் அது கொஞ்சம் கொஞ்சமாக நாராகி இறுகும். ஏற்கெனவே பாக்கு இறுக்கிய வாய், அதில் தையல் போட்ட தழும்பு, அதற்கு மேல் இது. கார்த்திகை கடைசியில் தேக்கரண்டியைச் சரித்துத்தான் உள்ளே விட முடிந்தது.

வாய்ப் பயிற்சி பற்றி வீட்டுக்கு வரும்போதே ஒரு தாள் தந்திருந்தார்கள். சிங்களத்தில் ஒரு பக்கம், இங்கிலீஷில் ஒரு பக்கம். தமிழில் இல்லை. வைத்தியசாலையின் பெயர் வேண்டாம், அங்கே அம்மாவை வெட்டித் தைத்த கைகளுக்கு நான் கடன்பட்டவள். ஆனால் அந்தத் தாள் கிளினிக் கொப்பிக்குள் ஆறு கிழமை மடிந்து கிடந்தது. அடுத்த கிளினிக்கில் பதுளைப் பக்கத்துத் தாதி ஒருவர்தான் அதை எடுத்து விரித்து, "இத ஆரம்பிக்கலயா?" என்று கேட்டார். அவர்தான் குச்சிக் கணக்கையும் சொல்லித்தந்தார்.

கணக்கு இதுதான். மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவில் எத்தனை குச்சியை அடுக்காக நுழைக்க முடியும் என்று பார்க்க வேண்டும். பிறகு அடுக்கின் நடுவில் இன்னொரு குச்சியை மெதுவாகச் செருக வேண்டும். இழுவை தெரியவேண்டும், உயிர் போகிற வலி கூடாது. முப்பது எண்ணும் வரை வைத்திருந்து எடுக்க வேண்டும். எங்களுக்குச் சொன்னது நாளைக்கு ஐந்து வேளை. நான் கணக்கு டீச்சர். பக்கெட்டைப் பிரித்ததும் முதல் வேலையாகப் பத்துக் குச்சியை அடுக்கி அடிமட்டத்தால் அளந்தேன். 19 மில்லிமீற்றர். அம்மா ஆரம்பித்தது 9 குச்சியில், அதாவது 17 மில்லிமீற்றர். இந்த நோயாளிகளுக்கு 35 மில்லிமீற்றரோ அதற்குக் குறைவோ திறந்தால் தாடை இறுக்கம் என்று கணக்கில் எடுக்கிறார்கள். ஆக எங்களுடைய இலக்கு 19 குச்சி.

இனிப் பொருளைப் பற்றி. நிறமில்லாத வெறும் குச்சிதான் வாங்க வேண்டும். கடையில் கலர்ப் பக்கெட் முன்வரிசையில் இருக்கும், 60 ரூபா கூடவும் இருக்கும். தெரியாமல் ஒன்று வாங்கி அம்மாவின் உதடு பச்சையாகிவிட்டது. முனை வட்டமாக இருப்பது நல்லது, ஆனால் ஓரத்தில் சிலாம்பு உண்டு. 50இல் ஏழெட்டைக் கழித்தேன், மீதியை உப்புத்தாளால் தேய்த்தேன். கதிர் பட்ட வாய்க்குள் ஒரு சிலாம்பு ஏறினால் ஆறுவதற்கு எத்தனை நாள் என்று யாருக்குத் தெரியும்.

பெரிய பிரச்சினை ஈரம். எங்கள் பக்கம் மார்கழி தையில் காயப்போட்ட துணியே மூன்று நாள் பிழிந்த மாதிரி இருக்கும். கழுவிப் போத்தலில் போட்டு மூடி வைத்த குச்சிகளில் ஐந்தாம் நாள் சாம்பல் நிறப் பூஞ்சை. அவ்வளவையும் அடுப்பில் போட்டேன். இப்போது ஒவ்வொரு தடவையும் கொதிதண்ணீரில் அலசி, அடுப்புக்கு மேலே பரணில் ஒரு தட்டில் விரித்துக் காய வைக்கிறோம். புகை வாசம் வருகிறது என்று அம்மா முறைப்பாடு. காய்ந்த பிறகு அவை போகுமிடம் அவருடைய பழைய வெற்றிலை டப்பா. அது அவருடைய யோசனை, நான் ஒன்றும் சொல்லவில்லை. எப்படியும் இரண்டு கிழமைக்கு ஒரு பக்கெட் மாற்றுகிறேன்.

குச்சிக்கு முன்னால் இணையத்தில் 6,500 ரூபா கொடுத்து ஒரு பிளாஸ்டிக் கருவி வாங்கினோம், துணிக் கிளிப்பைப் பெரிதாக்கிய மாதிரி. கடைப் பெயர் தேவையில்லை. பத்தாம் நாள் அதன் ஸ்பிரிங் தெறித்து அம்மாவின் ஈறில் பட்டது. திருப்பி எடுக்க மாட்டோம் என்று பதில் வந்தது.

தெராபைட் என்று கையால் அழுத்தி வாயைத் திறக்கும் கருவி ஒன்று வெளிநாடுகளில் உண்டு. அதன் விலையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடிவிட்டேன், லட்சத்தைத் தாண்டுகிறது. ஆனால் மனசு கேட்கவில்லை. காசில்லாததால் அம்மாவுக்கு மட்டமானதைக் கொடுக்கிறோமோ என்று தேடிப் படித்தேன். 1993இல் வந்த ஒரு ஆய்வு என் தூக்கத்தைக் கெடுத்தது: கருவி பாவித்தவர்களுக்கு வாய் 13.6 மில்லிமீற்றர் கூடியது, குச்சிக்காரர்களுக்கு 4.4தான். அப்புறம் பார்த்தால் அந்த ஆய்வில் இருந்தது மொத்தமே 21 பேர், அதையும் மூன்று கூட்டமாகப் பிரித்திருந்தார்கள். 2018இல் இங்கிலாந்தில் 71 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்குக் கருவியும் மீதிப் பேருக்கு மரக் குச்சியும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் வாய் திறப்பு கூடியது, இரண்டுக்கும் நடுவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதுவும் சின்ன ஆய்வுதான், ஆனாலும் அன்றைக்குத்தான் 280 ரூபாவுக்கு வெட்கப்படுவதை நிறுத்தினேன்.

அதே சத்திரசிகிச்சைக்குப் பிறகு அம்மாவின் இடது தோளும் சோர்ந்துவிட்டது. குச்சி அதற்கு ஒன்றும் செய்யாது என்பதையும் சொல்லவேண்டும். கழுத்தில் கட்டியே தெரியாதபோது எதற்குக் கழுத்தையும் திறந்து நெறிக்கட்டிகளை எடுத்தார்கள் என்று பெரியம்மா இன்றைக்கும் கேட்பார். மும்பை டாட்டா நினைவு வைத்தியசாலையில் அனில் டி குரூஸ் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வுதான் அதற்குப் பதில். ஆரம்ப நிலை வாய்ப்புற்றுக்காரர்கள் 500 பேரில், முதலிலேயே கழுத்தையும் சுத்தம் செய்தவர்களில் மூன்று வருடத்துக்குப் பின் 80 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள். கட்டி வந்த பிறகு பார்க்கலாம் என்று விட்டவர்களில் 67.5 சதவீதம். ஆனால் அந்த இடத்தில்தான் தோளைத் தூக்கும் நரம்பு ஓடுகிறது. அறுக்காவிட்டாலும் நோண்டினாலே அது சோர்ந்துவிடும். பறித்த கொழுந்தை ஒரு வீச்சில் முதுகுக் கூடைக்குள் போட்ட அந்த இடக்கை இப்போது கொடியில் துணி போடவும் எட்டவில்லை. அதற்கு வேறு பயிற்சி, சுவரில் விரலால் ஏறுவது. அம்மாவுக்கு அது பிடிக்காது. குச்சியென்றால் எண்ணிக்கை கூடுவது தெரிகிறதே என்கிறார்.

வாங்குகிறவர்கள் முதலில் உங்கள் டாக்டரைக் கேளுங்கள். தையல் ஆறாத வாய்க்கும் ஆடுகிற பல்லுக்கும் இது வேண்டாம். குச்சி நெம்பித் தளர்ந்த பல்லைப் பிடுங்கலாம் என்று டிஸ்பென்சரிக்கு ஓடவும் வேண்டாம், கதிர் பட்ட தாடையில் பல் பிடுங்கிய குழி ஆறாமல் எலும்பே அழுகலாம்.

இன்றைய நிலவரம் 16 குச்சி. மாசியில் 15, பங்குனியில் ஒரு கிழமை காய்ச்சலில் படுத்து 13க்கு இறங்கி மறுபடி ஏறியது. இரண்டு நாள் விட்டாலே தெரிந்துவிடும். போன ஞாயிறு ரொட்டியைச் சுருட்டிக் கட்டச் சம்பலோடு கடித்தார். சம்பல் எரிந்து கண்ணில் தண்ணீர் வந்தது, இருந்தாலும் இன்னொன்று கேட்டார்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். குறைத்த ஒன்று சிலாம்புக்கு.