லேப்டாப் ஓகே, ஸ்கிரீன்தான் தானா மங்குது

கும்பகோணத்துல ஒரு கடைல வாங்கி மூணு மாசம் ஆச்சு. கீபோர்டு, பேட்டரி குறை சொல்ல முடியாது. ஸ்கிரீன்தான் படுத்தி எடுத்துடுச்சு. எக்செல்ல குறுவை நெல்லு கணக்கு போட்டுட்டு இருப்பேன் பளிச்சுனு இருக்கும், கருப்பு பேக்ரவுண்ட்ல எதையாவது திறந்தா மெதுவா மங்கும், திரும்ப எக்செல் வந்தா பளிச், எனக்கு கண்ணுலதான் கோளாறோன்னு பயமே வந்துடுச்சு. கடைக்காரர் பேனலையே மாத்தணும்னுட்டார், நல்லவேளை மாத்தல.

விஷயம் செட்டிங்ஸ்ல இருந்துருக்கு. விண்டோஸ் 11ல சிஸ்டம், அதுல டிஸ்ப்ளே, பிரைட்னெஸ் பக்கத்துல இருக்க அம்புக்குறிய அழுத்துனா, திரைல என்ன ஓடுதோ அதுக்கேத்தாப்ல வெளிச்சத்த மாத்துற ஆப்ஷன் வருது, பேட்டரி மிச்சம் பண்றதுக்காம். ஆஃப் பண்ணிட்டேன், வேணும்னா பேட்டரில ஓடும்போது மட்டும்னும் வெச்சுக்கலாம். ரூம் வெளிச்சத்த பாத்து மாத்துறது வேற, அதுக்கு லைட் சென்சார் வேணும், இந்த மாடல்ல அது இல்ல. ஏஎம்டி சிப்னா பேட்டரிக்காக வெளிச்சத்த குறைக்கிற வேரி பிரைட்னு தனியா ஒரு செட்டிங் இருக்கும், அதையும் பாத்துடுங்க.

மத்தியான வெயில்ல திண்ணைல உக்காந்தா ஃபுல் வெச்சாலும் மங்கல்தான், இதுக்கு எந்த செட்டிங்கும் கிடையாது. மூணரை ஸ்டார்.