கையசைவில் இயங்கும் வீடு: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் வீட்டுச் சமையலறை விளக்கு, எக்ஸாஸ்ட் விசிறி ஆகியவற்றைத் தொடாமல் கையசைவால் இயக்கும் ஏற்பாட்டைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம்; கூடத்துத் தொலைக்காட்சிக்கும் சில காலம் வைத்திருந்தோம். அசைவை அறியும் உணரி (சென்சார்) கைக்கெட்டும் தூரத்தில் இருந்து, அதற்குரிய வேலையும் ஒன்றே ஒன்றாக இருந்தால் இதைவிட வசதியான வழி இல்லை. அறையின் மறுகோடியிலிருந்து எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் ரிமோட்டாக இதை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

சமையலறையில் இருப்பது ஏபிடிஎஸ்-9960 என்னும் சிறு உணரி. அது அகச்சிவப்பு ஒளியை வீசி, கையில் பட்டுத் திரும்பும் ஒளியை ஒளியை உணரும் நான்கு டையோடுகளால் அளந்து, எந்த டையோடில் மாற்றம் முந்துகிறது என்பதைக் கொண்டு கை நகர்ந்த திசையைக் கணிக்கிறது. ஏறத்தாழ 10 முதல் 20 செ.மீ. தூரத்துக்குள் வரும் கையைத்தான் நன்றாக அறியும். அதை இஎஸ்பி32 என்னும் சிறு கணினிப் பலகையுடன் இணைத்து, மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலே வழியாக விளக்கையும் விசிறியையும் இயக்குகிறோம். முடிவைப் பலகையே எடுப்பதால் வைஃபை இல்லாவிட்டாலும் வேலை நிற்பதில்லை. மீன் கழுவும் கையோடும் மாவு பிசையும் கையோடும் சுவிட்சைத் தேட வேண்டிய தொல்லை ஒழிந்தது.

இடவலமாக அசைத்தால் விளக்கு, மேல்கீழாக அசைத்தால் விசிறி என்றுதான் முதலில் வைத்திருந்தோம். ஆனால் அடுப்பு மேடையிலிருந்து கையைத் தூக்கும் அம்மாவின் அசைவு எப்போதும் சாய்வாகவே வரும். விசிறியைப் போட நினைத்தால் விளக்கு அணையும். அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி உணரி வைத்து, எத்திசை அசைவும் ஒரே கட்டளையாகக் கொள்ளப்படுமாறு மாற்றினோம். வீட்டில் ஒருவருக்கும் பயிற்சி தேவைப்படவில்லை என்பதே இந்த மாற்றத்தின் பெரிய பயன். உணரியின் மேல் எண்ணெய்ப் படலம் படிந்தால் ஒளி அங்கேயே சிதறித் திரும்புவதால் கை தெரியாமல் போகும். வாரந்தோறும் துடைத்தே ஆக வேண்டும். நேர் வெயில் விழும் இடமும் ஆகாது. சுவர் சுவிட்சை நீக்காமல் டூ-வே முறையில் (சுவிட்ச், ரிலே இரண்டாலும் விளக்கை இயக்கும்படி) இணைப்பது நல்லது. அப்போது, மின்வெட்டுக்குப் பின் ரிலே தன் பழைய நிலைக்கே திரும்புமாறு அமைத்துவிட வேண்டும், இல்லையேல் அணைத்த விளக்கு தானாக எரியும்.

கூடத்தில் நிலைமை வேறு. அங்கே ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியுடன் கேமரா ஒன்றை இணைத்து, கையில் 21 புள்ளிகளை அடையாளம் காணும் கூகுளின் மீடியாபைப் மென்பொருளைப் பயன்படுத்தி, உள்ளங்கையைக் காட்டினால் தொலைக்காட்சி நிற்குமாறு செய்திருந்தோம். படம் வீட்டை விட்டு வெளியே போவதில்லை என்றாலும், கேமரா பார்த்துக்கொண்டிருப்பது விருந்தினருக்கு உறுத்தலாகவே இருந்தது. நம்மவர்கள் கையால் பேசுகிறவர்கள் வேறு. இன்னொரு காபி வேண்டாம் என்று மாமா கையை உயர்த்தினால் கிரிக்கெட் நின்றுவிடும். கையைச் சற்று நேரம் அசையாமல் காட்டினால்தான் ஏற்க வேண்டும் என்று மாற்றியதும் அந்தக் குழப்பம் தணிந்தது. ஆனால் தேவைப்படும்போது ஆசி வழங்கும் சிலைபோல உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்த்தால் கேமராவுக்குக் கையே தெரியாது. பக்கத்தில் கிடக்கும் ரிமோட் இதைவிட விரைவானது என்பதால் கேமராவைக் கழற்றிவிட்டோம்.

ரேடியோ அலைகளை வீசி இருட்டிலும் அசைவை அறியும் ரேடார் முறை இருக்கிறது. கூகுளின் சோலி ரேடார் 2019-இல் பிக்சல் 4 கைபேசியிலும், 2021-இல் இரண்டாம் தலைமுறை நெஸ்ட் ஹப் என்னும் திரையுள்ள ஒலிபெருக்கியிலும் வந்தது. நெஸ்ட் ஹப்பில் காற்றில் தட்டுவதுபோல் கையைக் காட்டினால் பாட்டு நிற்கும். இங்கும் அசைவு ஒன்று, வேலை ஒன்று என்பதைக் கவனிக்கலாம்.

கையசைவு வசதியுள்ள சிம்னி வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. உயரமான பாத்திரத்தில் கிளறும்போது கை உணரியின் எதிரே போய்வருமா என்பதைக் கடையிலேயே நின்று பாருங்கள். அந்த வசதியைத் தனியாக அணைத்துவைக்க முடியுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.